பரணில் ஏற்றியதை எப்படி இறக்குவது?

ஊசிநூல் (ஆல்பேட்டை, கடலூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் ஆல்பேட்டையைத் தாண்டி, தென்பெண்ணை ஆற்றுக்குச் சமீபத்தில் எங்கள் வீடு. எனக்கு வயது 46. பத்தொன்பது ஆண்டுகள் வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான துணி தைத்துவந்தேன். கணவர் கொத்தனார். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மகள் செவிலியர் படிப்பு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்தக் காற்றில் எங்கள் வீட்டு முருங்கை முறிந்தது, அவ்வளவுதான். தப்பித்தோம் என்று மாமியார் விளக்கேற்றிக் கும்பிட்டார். பிறகுதான் மேற்கே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழையெல்லாம் திரண்டு வந்தது. எங்கள் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. புயல் போய்விட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த நேரத்தில் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது.

அன்று இரவு கையில் அகப்பட்டதையெல்லாம் பரணில் ஏற்றினோம். நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன், அவர் ஏணியில் நின்று வாங்கி அடுக்கினார். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, மகளின் சான்றிதழ்கள், அரிசி டிரம், மாமியாரின் மாத்திரைப் பெட்டி, கல்யாணத்தில் வந்த பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி. தையல் மிஷினைத் தூக்க முடியவில்லை. கால் மிஷின், இரும்புக் கால். இரண்டு பேருமாகக் கட்டிலின்மேல் வைத்தோம். கட்டிலோடு சேர்ந்து மூழ்கியது.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு நின்றது. இஞ்சி டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 41 அங்குலம். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அந்தக் கோடு மங்கலாகத் தெரிகிறது.

அப்போது என்னிடம் ஊராருடைய துணி பதினேழு உருப்படி இருந்தது. ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசிச் சேறு போக்கி, இஸ்திரி போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பட்டு ரவிக்கைத் துணிகளில் சாயம் இறங்கிவிட்டது. அந்த இரண்டு வீட்டாருமே பணம் வேண்டாம் என்றார்கள், வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நான் ஒரு தையல்கூடப் போடவில்லை.

இப்போது ஓராண்டு முடிந்துவிட்டது. பரணில் ஏற்றியவை பரணிலேயே இருக்கின்றன. தேவைப்படும்போது அவர் ஏணி போட்டு ஒன்றை இறக்குவார், வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றிவிடுவோம். கீழே நான்கு தட்டு, மூன்று பாத்திரம், இரண்டு பாய், ஆளுக்கு நான்கு உடை. எங்கள் வீட்டிலேயே நாங்கள் விருந்துக்கு வந்தவர்கள்போல இருக்கிறோம். நவராத்திரிக்குக் கொலு வைக்கவில்லை. மிஷின்மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேன். என் அளவு நோட்டு சேறு குடித்து, காய்ந்து, செங்கல்போல ஆகிவிட்டது. அதையும் எறிய மனம் வரவில்லை, மிஷினுக்கு அடியில் கிடக்கிறது.

நான் முயலாமல் இல்லை. தை முதல் நாள் கோலம் போட்டு, நாளையிலிருந்து தைப்பேன் என்று சாமி படத்துக்கு முன் சொன்னேன். மூன்றாம் நாள் புடவையை விலக்கித் துருவைப் பார்த்ததும் மறுபடி மூடிவிட்டேன். சித்திரை முதல் தேதி இன்னொரு முறை. ஆடிப்பெருக்கன்று எல்லோரோடும் ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீரைப் பார்த்ததும் கால் நடுங்கியது, கருகமணியும் காதோலையும் விடாமலே திரும்பி வந்தேன். ஒவ்வொரு நல்ல நாளும் கைவிட்டுப் போகப்போக, அடுத்த நாளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இப்போது போகி வருகிறது. பழையதைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று தெருவில் இருவர் சொல்லிவிட்டார்கள். கழிக்க வேண்டியதை ஆறே கழித்துவிட்டது. எனக்குக் கழிக்கத் தெரிய வேண்டாம், இறக்கத் தெரிய வேண்டும்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, நல்ல நாள், சபதம் எதுவும் இல்லாமல், மெதுவாக, யாருக்கும் தெரியாமல்கூட, அன்றாட வாழ்க்கையை மறுபடி தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்கினீர்கள்? இரண்டாவது, ஆறு அங்கேயேதான் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகை ஆண்டுதோறும் வரும். அப்படியிருக்க, பொருள்களைக் கீழே இறக்குவது புத்தியா?

முந்திரிக்காடு (பண்ருட்டி பக்கம்) எழுதியது:

தங்கச்சி, உங்கள் 41 அங்குலத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் காடு கண்முன் வந்தது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரி, வரப்போரம் பதினொரு பலா. என் தாத்தா நட்ட மரங்கள். விடிந்து போய்ப் பார்த்தால் வேரோடு படுத்துக் கிடந்தன. நின்ற மரங்களிலும் ஓர் இலை இல்லை. காட்டுக்குள் நின்றால் அதுவரை தெரியாத பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. அதைத்தான் என் அப்பாவால் தாங்க முடியவில்லை. மரம் போனதைவிட, அந்த வெட்டவெளி.

பலர் உடனே கன்று நட்டார்கள். எங்களால் முடியவில்லை. விழுந்த மரத்தை அறுத்து அகற்றவே மாதங்கள் ஆயின. அடிமுண்டுகளைத் தோண்ட ஆள் கிடைக்கவில்லை. நான் செய்தது இதுதான்: முந்திரியைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஓர் ஏக்கரைச் சுத்தம் செய்து மணிலா, அதாவது நிலக்கடலை, விதைத்தேன். மணிலா நூறு நாள், நூற்றைந்து நாளில் கைக்கு வந்துவிடும். லாபம் பெரிதாக இல்லை. ஆனால் செடியைப் பிடுங்கியபோது மண்ணோடு வந்த காயை அப்பா அங்கேயே உட்கார்ந்து உரித்துத் தின்றார். புயலுக்குப் பிறகு அவர் காட்டில் உட்கார்ந்தது அன்றுதான். அதற்குப் பிறகுதான் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்றுகளைப் பற்றி அவரிடம் பேசவே முடிந்தது. கன்று வைத்து மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கியது. அதுவரை இடையிடையே மணிலாவும் உளுந்தும்தான் சோறு போட்டன.

நீங்கள் ரவிக்கையிலிருந்து தொடங்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் முந்திரி. ஊராருடைய துணி, அளவு பிசகக் கூடாது, சாயம் போன நினைவு வேறு. நூறு நாள் பயிர் ஒன்றைப் பாருங்கள். தலையணை உறையோ காய்கறிப் பையோ, கெட்டுப்போனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஓராண்டு அப்பா மாதாமாதம் பூசத்தன்று வடலூருக்குப் பஸ் ஏறிவிடுவார். வள்ளலார் 1867 இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, உங்களுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்து கொடுப்பார். எத்தனை மரம் போயிற்று, எவ்வளவு நஷ்டம் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்பார். கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. உங்களுக்கு அப்படி ஓர் இடம் தேவைப்படலாம்.

நல்ல நாள் பற்றிக் கேட்டீர்கள். நாங்களும் நாள் பார்த்துத்தான் விதைப்போம். ஆனால் மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் எந்த நல்ல நாளிலும் விதையை இறக்க மாட்டோம். தை ஒன்றில் உங்களிடம் ஈரம் இருந்திருக்காது. அது உங்கள் குற்றம் இல்லை.

வில்லியனூர் தம்பி எழுதியது:

அக்கா, நான் வேறு மாதிரி சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அதே மழையில் எங்கள் வாடகை வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நான்கு பேரை அழைத்து, காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலைக்குள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டேன். இரவு நன்றாகத் தூங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எனக்கு நடந்திருக்காது. ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்தில் கடலூருக்கு வந்துவிடுவோம்.

பழைய அட்டை (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

அம்மா, வணக்கம். நான் முப்பத்தோராண்டு புத்தகம் கட்டும் வேலையில் இருந்தவன். நூலகங்களின் நைந்த புத்தகங்களைப் பிரித்து, தைத்து, புது அட்டை போடுவது என் தொழில். உங்களைப்போல நானும் ஊசி நூல்காரன்தான். எனவே உங்கள் பதிவில் மற்றவர்கள் தாண்டிப் போன ஒன்றில் நான் நின்றுவிட்டேன். அந்த அளவு நோட்டு.

எறியாமல் வைத்தது மிக நல்லது. பளபளப்புத் தாள் புத்தகம் என்றால் நனைந்து காய்ந்த பிறகு கை வைக்கவே முடியாது, தாளோடு தாள் பசைபோல ஒட்டிவிடும். உங்களுடையது சாதாரணக் கோடு போட்ட நோட்டாக இருக்கும். அதில் பக்கங்களை ஒட்டவைத்திருப்பது பெரும்பாலும் சேறுதான். சேறு இளகும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பூஞ்சணம் இருக்கும். காய்ந்த நிலையிலேயே மென்மையான தூரிகையால் விளிம்பில் உள்ள மண்ணைத் தட்டிவிடுங்கள். நோட்டைத் தண்ணீரில் முக்க வேண்டாம். மூடி உள்ள பெரிய பாத்திரத்தின் அடியில் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் இரண்டு செங்கல் துண்டு, அதன்மேல் ஒரு தட்டு, தட்டில் நோட்டு. ஈரத்துணி நோட்டில் படக் கூடாது. மூடி நாலைந்து மணி நேரம் விடுங்கள். தாள் லேசாகக் குளிர்ந்து துவண்டு வரும். அப்போது தென்னை ஈர்க்கை மழுங்கச் சீவி, மூலையிலிருந்து நுழைத்து, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போங்கள். மேலே இழுக்காதீர்கள், இழுத்தால் கிழியும். வராத பக்கத்தை விட்டுவிட்டு வருகிற பக்கத்துக்குப் போங்கள். ஒரு நாளில் ஐந்தாறு தாள் போதும். பிரித்த தாள்களுக்கு இடையே பழைய நாளிதழை வைத்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயில் வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தால் எழுத்து பெரும்பாலும் இருக்கும், அந்த மையில் எண்ணெய் உண்டு. ஜெல் பேனாவோ மைப் பேனாவோ என்றால் கரைந்து போயிருக்கலாம். நீங்கள் எதில் எழுதினீர்கள் என்று அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் ஒன்று சொல்கிறேன். என் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில மாதம் தினமும் காலையில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்துபோகும். என் கவனக்குறைவு என்று நினைத்து என்னையே திட்டிக்கொள்வேன். பிறகு ஒரு நாள் புரிந்தது: அது நான்கு பேருக்குக் காப்பி போடும் அகலமான பாத்திரம். அதில் ஒரு தம்ளர் பால் ஊற்றினால் தரையில் ஊற்றியதுபோலப் படர்ந்து நிற்கும், தீயாமல் என்ன செய்யும்? குபேர் அங்காடிக்குப் போய் ஒருவருக்கான சிறிய பால் பாத்திரம் ஒன்று வாங்கினேன். பாத்திரக்கடை வாசலில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காப்பி நன்றாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு, வண்டிகளை விடுவதற்கு முன் கடற்கரைச் சாலையில் ஒரு நடை போய்வந்தேன். இன்றும் போகிறேன். எனக்கு அந்தச் சிறிய பாத்திரத்தில்தான் தொடங்கியது.

ஊசிநூல் எழுதியது:

அண்ணன், ஐயா, தம்பி மூவருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் வருவதாகச் சொன்னதே பெரிது. ஆனால் நான்கு பேர் வந்து ஒரே நாளில் இறக்கிவிட்டால், அன்று இரவே நான் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஐயா, நான் எதில் எழுதினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் மிச்சமான பேனாக்களைக் கொண்டுவந்து கொடுப்பாள், அதில் எழுதுவேன். இன்று நோட்டை மிஷினுக்கு அடியிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். இன்னும் எதுவும் செய்யவில்லை. வைத்தது மட்டும்தான்.

அலைவாய் (தேவனாம்பட்டினம், கடலூர்) எழுதியது:

அக்கா, நானும் நீங்களும் ஒரே ஊர், நடுவில் சில கிலோமீட்டர்தான். உங்களுக்கு ஆறு, எங்களுக்குக் கடல்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, ஆனால் தெருவில் சாவு இல்லாத வீடுகள் குறைவு. கட்டுமரமும் வலையும் போயின. அம்மா மீன் விற்பவர். அதன்பிறகு அவர் கடலைப் பார்க்க மறுத்துவிட்டார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே பார்க்க மாட்டார். மணல் மேட்டை ஏற மாட்டார். மீன் வாங்க முதுநகர்த் துறைமுகத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

அப்பாவும் அத்தையும் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா தொடங்கியது கருவாட்டில். கருவாடு வாங்கக் கரைக்குப் போக வேண்டியதில்லை, அத்தை வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும். அதை வாங்கிக் கூடையில் வைத்து மஞ்சக்குப்பத்துப் பக்கம் தெருத்தெருவாக விற்றார். ஐந்தாறு மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் கரையோரத்து வீடு ஒன்றின் திண்ணையில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பள்ளி விட்டு வந்தபோது பார்த்தேன். கேட்டதற்கு, சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகுகிறேன் என்றார். தினமும் கொஞ்ச நேரம் அப்படி. முதுகைக் காட்டித்தான்.

அடுத்த மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வெள்ளிக் கடற்கரைக்கு வந்தன அல்லவா? அந்தக் கூட்டத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் இறங்கினார். தனியாகப் போக முடியாத இடத்துக்கு ஊரோடு போனார். கணுக்கால் வரைதான். அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

நீங்கள் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை வரை போய் வந்தீர்கள் என்று எழுதியதை நான் தோல்வியாகப் படிக்கவில்லை. என் அம்மாவுக்கு அவ்வளவு தூரம் போக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, துறைமுகத்தில் ஏலம் கேட்கிற குரல் அவருடையதுதான் முதலில் காதில் விழும். ஆனால் டிசம்பர் 26 அன்று இன்றைக்கும் கூடையைத் தொட மாட்டார். அதை நாங்கள் யாரும் மாற்ற முயன்றதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி, மறுபடி வருமா என்பது. வரும். எங்கள் வீட்டில் பத்திரமும் அட்டைகளும் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இன்றும் மேலேதான் இருக்கின்றன, இருபது ஆண்டாக. அதை இறக்க வேண்டும் என்று யார் சொன்னது? சோறு உண்ணும் தட்டுதான் மேலே இருக்கக் கூடாது.

எண்ணெய்க் குப்பி (நெல்லிக்குப்பம்) எழுதியது:

அம்மா, நான் மிஷின் பழுது பார்க்கிறவன். மூழ்கிய மிஷின்கள் அந்த மாதம் மட்டும் நாற்பதுக்கு மேல் என் கைக்கு வந்தன. கால் மிஷின் அவ்வளவு எளிதில் சாகாது. இரும்பு, உள்ளே மின்சாரச் சமாசாரம் எதுவும் இல்லை.

சக்கரத்தை வலுவாகத் திருப்பிவிடாதீர்கள், துரு பிடித்த இடத்தில் பல் உடையும். ஊசி, பாபின் பெட்டி, ஷட்டில், அடித்தகடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். எண்ணெய் விடும் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். கால் லிட்டர் போதும். மறுநாள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டித் துடைத்துவிட்டு, சக்கரத்தை விரல் அகலம் முன்னே, விரல் அகலம் பின்னே, அப்படியே ஆட்டிக்கொண்டே இருங்கள். அன்று சுற்றாவிட்டால் மறுபடி ஊறவிடுங்கள். மூன்று நாள்கூட ஆகும். முழுச் சுற்று வந்த பிறகுதான் மிஷின் எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு. நூல் கோக்காமல் பத்து நிமிடம் மிதியுங்கள். பிறகு கழிவுத் துணியில் தைத்துக்கொண்டே இருங்கள், எண்ணெய்க் கறை படுவது நிற்கும்வரை.

ஊசியும் தோல் பெல்ட்டும் புதிது போடுங்கள். துருப்பிடித்த ஊசி துணியின் இழையை இழுத்துவிடும். பலகை உப்பியிருந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊசிநூல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று நினைத்திருப்பீர்கள்.

முதலில் இறக்கியது இஞ்சி டேப். அது பரணில்கூட இல்லை, சாமி அலமாரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரை அளந்ததற்குப் பிறகு அதைத் தொடவில்லை. எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அன்று முழுவதும் சமைத்தேன், பெருக்கினேன். மாமியார் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

அலைவாய் எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். தட்டு மேலே இருக்கக் கூடாது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடப்பா கல் கொண்டுவந்து, சமையலறையில் ஒன்றும் முன்னறையில் ஒன்றுமாகப் பலகைபோலச் சுவரில் பதித்தார். எத்தனை உயரம் என்று கேட்டார். 60 அங்குலம் என்றேன். பழைய கோட்டுக்கு மேல் 19 அங்குலம். எனக்குக் கை எட்டுகிற உயரம், ஏணி வேண்டாம். பத்திரமும் சான்றிதழும் பரணிலேயே இருக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். மற்றவற்றை, கண்ணில் படும்போது ஒன்றாக, பலகைக்குக் கொண்டுவருகிறோம். அண்டா இன்னும் மேலேதான் இருக்கிறது. கொலுப் பெட்டி இறங்கிவிட்டது. மகள் பொங்கலுக்கு வந்தவள் தானே ஏணி போட்டு இறக்கினாள். செட்டியார் பொம்மைக்கு மட்டும் மூக்கு உடைந்திருக்கிறது.

போகியன்று எதையும் கழிக்கவில்லை. அன்று அடுக்களையில் நோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். இட்லிக் குண்டானில் ஈரத்துணி, செங்கல், தட்டு. முதல் நாள் நான்கே தாள் வந்தது. ஈர்க்கு உள்ளே நுழைகிறபோது ஒரு சத்தம் வருகிறது, வெங்காயச் சருகு உரிகிறதுபோல. அந்தச் சத்தத்துக்காகவே மறுநாளும் உட்கார்ந்தேன். ஜெல் பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலக் குளமாக இருக்கிறது. பால்பாயிண்டில் எழுதியவை அப்படியே இருக்கின்றன. இதுவரை 87 பேரின் அளவு கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பக்கம் என் அம்மாவுடையது. உயரம் 14, கை 9, கைச்சுற்று 13, பின் கழுத்து 6. கீழே நானே எழுதியிருக்கிறேன்: இறுக்கம் வேண்டாம் என்கிறார், அரை அங்குலம் தளர்த்து. அம்மா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரல் எனக்கு மறந்துகொண்டே வந்தது. அந்த வரியில் அப்படியே இருந்தது. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மிஷின் இரண்டு முறை ஊறிய பிறகு மூன்றாம் நாள் சாயங்காலம் முழுச் சுற்று வந்தது. கழிவுத் துணியில் தைத்துக்கொண்டே இருந்தேன், முதலில் பழுப்பாக, பிறகு மஞ்சளாக, பிறகு கறையே இல்லாமல். அண்ணன் சொன்ன நூறு நாள் பயிராக, என் கணவரின் பழைய வேட்டியில் நான்கு தலையணை உறை தைத்தேன். மாமியார் தன் பங்கைக் கையில் வைத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். தையல் ஓரிடத்தில் லேசாக வளைந்திருந்தது. பிரிக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலைக்கு வைத்துக்கொண்டார்.

ஆற்றங்கரைக்கு இன்னும் போகவில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தெருவே போயிற்று, நான் போகவில்லை. கரும்பும் சுருள் அப்பளமும் வாங்கி வந்து கொடுத்தார்கள். அலைவாயின் அம்மாவைப்போல முதுகைக் காட்டியாவது அடுத்த ஆண்டு போகிறேனா பார்க்கலாம்.

நேற்று எதிர்வீட்டு அக்கா ஒரு புடவையோடு வந்தார், ஃபால்ஸ் அடித்துத் தருகிறாயா என்று. ஃபால்ஸ் மட்டும் என்றால் சரி என்றேன். ரவிக்கை எப்போது என்று கேட்டார். நோட்டில் அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டினேன், அளவெல்லாம் தெளிவாக இருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, அது பழையது, இப்போது எடு என்று எழுந்து நின்றார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றவரை என்ன செய்வது? டேப் கழுத்தில்தான் இருந்தது. எடுத்து எழுதிக்கொண்டேன், பால்பாயிண்டில். துணியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.